பூஜ்யத்துக்கும் நாலு கிலோவுக்கும் நடுவே

காத்தவராயனின் தோள்வலி நாலு கிலோ எடை இருந்தது. களம்பூர் அரிசி ஆலையில் வயசெல்லாம் மூட்டை தூக்கிய உடம்பு. வலி இல்லாத நாளில் தராசில் ஏறினால் ஐம்பத்தெட்டு. வலி வந்தால் அறுபத்திரண்டு. லேசாகத்தான் வலிக்கிறது என்று அவரே சொல்லும் நாளிலும் அறுபத்திரண்டுதான். நடுவில் முள் ஒருநாளும் நின்றதில்லை. ஆலை கழித்துப்போட்ட தராசு என்பதால் முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆரணி டாக்டர் தன் மெஷினிலும் நிறுத்துப் பார்த்து, சீட்டில் இரண்டு எடையையும் எழுதிக் கொடுத்தார். அதோடு பேச்சு முடிந்தது. வலி வந்த நாளில் கயிற்றுக்கட்டில் ஒரு விரல் கூடுதலாகத் தொங்கும். அதைப் பார்த்தே அவர் மனைவி பொன்னியம்மாள் வெந்நீர் வைப்பாள்.

மகன் எழிலரசன் சென்னையில் ஆராய்ச்சி செய்த கணக்கும் ஏறக்குறைய அதுதான். அணுக்கருவை இறுக்கிக் கட்டியிருக்கும் விசைக்குச் சமன்பாட்டில் எடையே கிடையாது. ஆனால் அந்த விசை மட்டும் திரண்டு ஒரு துகளானால், அதற்கு ஒரு குறைந்தபட்ச எடை வந்துவிடுகிறது. பூஜ்யத்துக்கும் அந்த எடைக்கும் நடுவே எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் அப்படித்தான் என்கிறது. ஏன் என்று நிரூபிக்க உலகத்தில் இன்னும் ஒருத்தராலும் முடியவில்லை. ஒரு சித்திரையில் எழிலரசன் நிரூபித்து முடித்துவிட்டேன் என்றான்.

அதை இணையத்தில் போடுவதற்கு முன்பே அகல்யா படித்தாள். சேவூர் தறிக்காரர் வீட்டுப் பெண், அதே துறையில் அவனுக்கு இளையவள். முதலாளி பட்டு நூலை நிறுத்துக் கொடுத்து, நெய்த சேலையை நிறுத்து வாங்குகிற ஊர் அவளுடையது. நூல் குறைந்துபோன வீட்டில் உள்மடிப்பில் தண்ணீர் தெளித்து எடையைச் சரிக்கட்டுவதும் உண்டு.

"அண்ணா, நாலாம் பக்கத்துல நீங்களே எடைய உள்ள வெச்சுட்டு, கடைசில அதையே எடுத்துக் காட்றீங்க. எங்கூட்ல சேலைக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி கீது" என்றாள்.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எழிலரசனுக்குக் காது சுட்டது.

"தறிக்காரங்களுக்கு எதப் பாத்தாலும் நிறுவைத் திருட்டுதான் ஞாபகம் வரும்" என்றான்.

சிரிப்பு அவள் பக்கம் திரும்பியது. அவள் தாள்களை அடுக்கி அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

எழிலரசன் அதை அப்படியே இணையத்தில் போட்டான். ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவனைப் பாராட்டிப் பிளெக்ஸ் வைத்து விழா எடுத்தார்கள். மேடையில் காத்தவராயனுக்குச் சால்வை போர்த்தியபோது, வலியிருந்த தோளை அவர் நிமிர்த்திக்கொண்டதை எழிலரசன் பார்த்தான். நாலாம் பக்கத்து ஓட்டை அப்போதுதான் அவனுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தன் சால்வையையும் வாங்கிக்கொண்டு இறங்கினான். ஆடியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதே இடத்தைப் பற்றித் தனியாகக் கேட்டு எழுதினார். அவர் வெளியே சொல்வதற்குள், பிழையைத் தானே கண்டுபிடித்ததாகவும், மனசாட்சிப்படி விலக்கிக்கொள்வதாகவும் எழிலரசன் அறிவித்தான். அவன் நேர்மையைப் பலரும் புகழ்ந்தார்கள். அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது அவன் தோளில் பதினோரு கிலோ ஏறியது. செருப்பு வார் அறுந்தது.

ஊருக்கு வந்தபோது மகன் நடையைப் பார்த்துத் தகப்பன் விசாரித்தார். உங்க வலிதான்பா, பரம்பரை என்றான். காத்தவராயன் அவன் தோளைத் தடவிப் பார்த்தார்.

"மூட்ட தூக்காத தோளுக்கு இது எப்படிறா வந்துச்சு?"

எழிலரசன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சேத்துப்பட்டில் கல்லூரி வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, எடை இறங்கவில்லை. அகல்யா ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சேவூரில் டியூஷன் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான். டீ கொடுத்தாள். வெயிலைப் பற்றியும் பஸ் கூட்டத்தைப் பற்றியும் பேசிவிட்டு, அன்னிக்கி நீ சொன்னதும் கொஞ்சம் சரிதான் அகல்யா என்றான்.

"கொஞ்சம்னா எவ்ளோண்ணா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டான். வீட்டுக்கு வந்து தராசில் ஏறிப் பார்த்தான். பாதி சொன்னதற்கு ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

இப்போது ஊருக்குப் பழகிவிட்டது. தையற்காரர் கேட்காமலே அவன் சட்டைத் தோளுக்கு இரட்டைத் துணி வைக்கிறார். மெக்கானிக் அவன் பைக்கின் பின்டயருக்குக் காற்றைக் கூட்டி அடிக்கிறான். பிழையைக் கண்டது அகல்யாதான் என்று, அவள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதி மன்னிப்புக் கேட்கவேண்டிய கடன் எழிலரசனுக்கு இருக்கிறது. இன்னும் தீர்க்கவில்லை.