மஞ்சள் தடவிய பாஸ்போர்ட்டு

எழும்பூர் லாட்ஜில் அறை கேட்ட இடத்தில்தான் தங்கலட்சுமியின் தலையில் இடி விழுந்தது. அடையாளத்துக்கு என்று அவள் பெருமையாக நீட்டிய பாஸ்போர்ட்டை மேனேஜர் பிரித்தார்.

“என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி?”

ஒவ்வொரு தாளிலும் நாலு மூலைக்கும் மஞ்சள். அவள் ஊரான நரிக்குடிப் பக்கம் டிராக்டரோ தண்ணி மோட்டாரோ, புதுசாக எது வந்தாலும் மஞ்சள் தொடாமல் புழங்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் என்ன கேடு? கருப்பசாமி காலடியில் வைத்துக் கும்பிட்டு, மஞ்சளைக் குழைத்து வைத்தாள். போட்டோவில் பொட்டு சரியாகத் தெரியவில்லை என்று நெற்றியில் குங்குமமும் வைத்துவிட்டாள். வெறும் நெற்றியோடு கடல் தாண்டுவதா? அவள் நியாயம் அவளுக்கு.

“இதோட கப்பல்ல விடுவாங்களான்னு தெரியலையேம்மா,” என்றார், அவர்கள் கப்பல் ஏற வந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மேனேஜர்.

சாயங்காலம்தான் கப்பல். நடுவில் கிடைத்த பொழுதில் கடற்கரையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று அவளும் புருஷனும் ரயிலில் பேசிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கே சுற்ற? குளியலறைக்குள் புகுந்தவள் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் போகிற வழியாக இல்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். போட்டோவின் மேலிருந்த கண்ணாடித்தாள் உரிந்து வந்தது. கூடவே அவள் முகத்தில் பாதியும் வந்தது. ஈரக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, நானே கெடுத்துக்கிட்டேனே!”

உல்லாசமாகக் கப்பல் சுற்றவா வந்தாள்? அந்தக் கப்பலின் சமையற்கட்டில் அவள் மகன் சுந்தரபாண்டி வேலை பார்க்கிறான். மிளகாய்க் காட்டில் கிடந்து சாக மாட்டேன் என்று சொல்லி வீட்டை விட்டுப் போனவன். அன்றைக்கு அவன் அப்பா ராமசுப்பு, “நான் செத்தாலும் கொள்ளி வைக்க வராத” என்று தெருவில் நின்று கத்தினார். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் வந்தால் ராமசுப்பு ஆட்டைப் பார்க்க எழுந்து போய்விடுவார். இந்தத் தடவை மகனே இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருந்தான். “இறங்க லீவு இல்லம்மா. கொழும்பு போயிட்டு உங்களக் கொச்சியில இறக்கி விட்டுட்டு, கப்பல் தூர தேசத்துப் பக்கம் போயிரும். நீங்க ஏறினாத்தான் பாக்க முடியும்.”

துறைமுகத்தில் அதிகாரி அந்த நைந்த தாளைப் புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“சேதமான பாஸ்போர்ட்டும்மா. உள்ள விட முடியாது.”

“ஐயா, என் மகன் அந்தக் கப்பல்லதான் இருக்கான். மொகத்த மட்டும் பாத்துட்டு இறங்கிருதேன்.” அவள் கும்பிட்டாள், அழுதாள், முந்தானையை ஏந்தினாள். அந்த மனுஷனும் இரக்கமில்லாதவர் இல்லை. மேலே ஒருவரிடம் கேட்டுவிட்டு வந்து அதையேதான் சொன்னார். பிறகு ராமசுப்புவைப் பார்த்து, “உங்க பாஸ்போர்ட்?” என்றார்.

ராமசுப்பு தயங்கித் தயங்கி மடியிலிருந்து எடுத்தார். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. சாமி காலடியில் வைக்க அவள் கேட்டபோது, “அது பத்திரமா இருக்கு, விடு” என்று தட்டிக்கழித்தவர் அவர். ஏன் என்று தங்கலட்சுமிக்கு இப்போதுதான் உறைத்தது.

“நீங்க ஏறுறதாவே இல்ல. அப்படித்தானே?”

“உன்னைய ஏத்தி விட்டுட்டு ஊருக்குப் போவோம்னு இருந்தேன்,” என்றார் தரையைப் பார்த்து.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. மகனுக்கென்று கொண்டுவந்த முறுக்குத் தூக்குவாளியை அவர் கையில் திணித்தாள்.

“போங்க.”

“நான் போயி அவன்கிட்ட என்னத்தப் பேச?”

“ஒண்ணும் பேச வேணாம். இதக் குடுத்துட்டு, அவன் இளைச்சிருக்கானா என்னன்னு பாத்து வந்து சொல்லுங்க. என் கண்ணா இருந்து பாருங்க.”

அவர் போனார். நாலு எட்டுக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெள்ளை மாளிகை போல நின்ற கப்பலில் எந்த ஜன்னலுக்குப் பின்னால் பிள்ளை இருக்கிறானோ, யார் கண்டார்?

போன் அடித்தது.

“அம்மா, ஏறிட்டியா?”

“நான் வரலப்பா. என் பாஸ்போர்ட்டு கெட்டுப் போச்சு.” “அப்பா வாராக.”

அந்தப் பக்கம் சமையற்கட்டுச் சத்தம் தள்ளிப் போனது; அவன் வெளியே வந்துவிட்டான் போல.

“தனியாவா வாராரு?” என்றான். “ஏறுற பலகை ஆடும்மா. அவருக்கு முட்டி வலியில்ல? நான் கீழ வாசலுக்குப் போயி அவரப் பிடிச்சு ஏத்திக்கிடுதேன்.”