எட்டாம் நாள் இறால்

பஸ்ஸுக்கு நின்ற யோகராணி திரும்பிப் பார்த்ததுதான் பிழையாய்ப் போயிற்று. அஜின்கோர்ட் பிளாசாவில் யப்பான்காரரின் சாப்பாட்டுக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சோறு, மீன், வாலோடு பொரித்த இறால். நடுக் கோப்பையிலிருந்து நூடில்ஸை அள்ளியபடி இரண்டு குச்சிகள் அந்தரத்தில் நின்றன. பிடித்த கையைக் காணவில்லை.

செத்தவருக்கு எட்டாம் நாள் விருப்பமானதெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பார்களே, அதையல்லவா பட்டப்பகலில் காண்கிறாள்? யாரோ வந்து சாப்பிடுகிறார். யாரென்று நினைக்கவே பயமாக இருந்தது.

கொழும்பிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு, அக்கா கமலாம்பிகையிடம் அவள் வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. தம்பி குகதாசன் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தான். சண்டை முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். அதற்கு முதல்நாள், ஞாயிறு, அவனுக்குச் செல் குண்டு பட்டதாம். அகதி முகாமில் யாரோ சொன்னதாக ஒருவர் போன் எடுத்துச் சொன்னார். கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து கண்டதைச் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

"உது பிளாஸ்டிக்கடி. என்ன சாப்பாடு இருக்கெண்டு ஆக்களுக்குக் காட்ட வைக்கிறது." பிறகு அவளைப் பார்க்காமலே, "வாற ஞாயிறு எட்டு. தாசனுக்குப் படைக்கப்போறன். இறால் வாங்கவேணும்."

"படைச்சால் அவன் செத்துப்போடுவான், அக்கா."

"படைக்காட்டிப் பசியோட அலைவான்."

சனிக்கிழமை யோகராணி அந்தக் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த இறாலைக் காட்டிச் சைகையால் கேட்டாள். கடைக்காரி உள்ளே போய், வால் உடைந்த பழைய பிளாஸ்டிக் இறால் ஒன்றைக் கொண்டுவந்தாள். அந்த உதவாத பொருளையும் கல்யாணப் பரிசுபோல மூன்று தாளில் மடித்துச் சுற்றித்தான் கொடுத்தாள்.

ஞாயிறு பின்னேரம் அக்கா இலை போட்டுப் படைத்தாள். அவள் விளக்கு எடுக்கப் போன நேரம் பார்த்து, யோகராணி பொரித்த இறாலையெல்லாம் அள்ளி ஒளித்துவிட்டுப் பிளாஸ்டிக்கை வைத்தாள். தின்ன முடியாததை வைத்தால் அது படையல் ஆகாது. படையல் இல்லையென்றால் சாவும் இல்லை. அப்படித்தான் அவள் புத்தி ஓடியது.

கதவைச் சாத்தி வெளியே இருந்தார்கள். உள்ளே ஒரு சத்தம் கேட்டாலும் செத்துவிடுவாள் போலிருந்தது.

அக்கா கதவைத் திறந்தாள். இலையில் குனிந்து இறாலைத் தொட்டாள். நகத்தால் தட்டினாள்.

"அவன் தொடேல்லை, அக்கா," என்றாள் யோகராணி.

ஏச்சு விழும் என்று நின்றாள். அக்கா தரையில் அமர்ந்து, "இது சுத்தி வந்த தாள் எங்க?" என்று கேட்டாள். "பத்திரமா வைப்பம். வந்தானெண்டால் காட்டலாம்."

யோகராணி தாளைக் கொண்டுவந்து, கடைக்காரி மடித்த மாதிரியே இறாலைச் சுற்றி மடிக்கப் பார்த்தாள். மடிப்பு நிற்கவில்லை.