ஜல்தியேறு என்னும் கடல் தெய்வம்

“ரெக்கார்டு உறையில எங்க அம்மா பேரை எழுதணும்” என்று எதிரே இருந்த வெள்ளைக்காரரிடம் உமா மகேஸ்வரி கேட்டாள். அந்தமானின் அபர்டீன் பஜார் ஓட்டல் அறையில் அவளுடைய மாமா சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டார். இதை மட்டும் கேட்காதே என்று ஷாதிபூரிலிருந்து வழியெல்லாம் சொல்லிவந்தவர் அவர். பக்கத்தில் அம்மா ஒச்சம்மா. 1991 முதல் அவள் வாயைத் திறந்தால் பேச்சு வராது. மிஷின் மேளம் வரும், நிமிஷத்துக்கு நூற்றிருபத்தெட்டு அடி.

அந்த வருஷம் அவள் சாத்தம் ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஒரு காண்டிராக்டரிடம் தினக்கூலி. பம்பூஃபிளாட் போகும் போட்டுக்கு ஆள் ஏற்றும் வேலை. பதிவேட்டில் அவளுக்கு எண் உண்டு, பெயர் கிடையாது. பெயர் எழுதச் சொன்னவர்களுக்கு மறுநாள் வேலை கிடையாது. “ஜல்தி ஏறு, ஜல்தி ஏறு, போட்டு சூட் ஜாயேகா” என்று, சீக்கிரம் ஏறு படகு போய்விடும் என்று இந்தி கலந்து அவள் கத்தியதை, ஊர் சுற்ற வந்த டெரன்ஸ் ஆல்காட் என்ற இங்கிலாந்துக்காரர் கேசட்டில் பிடித்தார். பட்டனை அமுக்கியதும் குரல் மொத்தமும் உள்ளே போய்விட்டது. லண்டனில் அவர் அதற்கு மேளம் சேர்த்த வாரம், காலியான தொண்டையில் அந்த மேளம் வந்து உட்கார்ந்தது.

அந்த ரெக்கார்டு டெரன்ஸைத் தூக்கிவிட்டது. இங்கிலாந்தின் பாழடைந்த கிடங்குகளிலும் மாட்டு வயல்களிலும் நடந்த இரவு ஆட்டங்களில் அவர் அதைச் சுழலவிட்டால் தரை போட்டைப் போல ஆடும், கெண்டைக்கால்வரை உப்புத்தண்ணீர் ஏறும். ஆட்டத்தை நிறுத்த வந்த போலீஸ், ‘கடலேற்றம், பதினோரு அங்குலம்’ என்று எழுதிக்கொண்டு போனது. பிறகு சொந்தக் கம்பெனி, பிறருக்கு ரெக்கார்டு தயாரிப்பு, சட்டம் வந்து வயல் ஆட்டங்கள் நின்றுபோனது, தலை வழுக்கையானது. இப்போது முன்னோடி என்று மேடையேற்றுகிறார்கள். உறையில் அன்றும் இன்றும் ஒரே வரி: ‘மரபுப் பாடல். ஜல்தியேறு, தீவுவாசிகளின் கடல் தெய்வம்.’ ஆறாயிரம் பேர் அந்தப் பெயரைத் தோளில் பச்சை குத்தியிருக்கிறார்கள்.

குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் உமா. அம்மாவின் குரலை அவள் முதலில் கேட்டது காலேஜ் கேன்டீனில், யாரோ ஒருத்தியின் போனில். மாமாவிடம் போட்டுக் காட்டினாள். “அக்காதான்” என்றார். அடுத்த மூச்சில் “விட்டுடு” என்றார். அவள் விடவில்லை, கடிதம் மேல் கடிதம் எழுதினாள். மறுபதிப்புக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒச்சம்மாவிடம் கையெழுத்து வாங்க, டெரன்ஸே இப்போது தாளோடு வந்திருந்தார்.

நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். குரலைத் திருப்பித்தர வழி தெரியவில்லை என்றார். ‘அந்தமான் மக்களுக்கு நன்றி’ என்று போடலாமாம். ஒரு கூலிக்காரியின் பெயரைப் போட்டால் தெய்வம் போய்விடுமாம்; ஆறாயிரம் தோள்கள் என்ன ஆகும் என்று கேட்டார்.

“தோளுக்கு அழறாரு பாருங்க மாமா. இங்க ஒரு ஆளோட வாயே போயிருக்கு.”

“தோடா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணும்மா. நன்றின்னு போடுறாரே, காஃபி ஹை, அது போதும்.”

“யாருக்கு நன்றி? ஜெட்டியில நின்னு கத்துனது ஊரா? ஒரு பொம்பளை.”

பெயர் உச்சரிக்கவும் கஷ்டம் என்றார் டெரன்ஸ். முப்பது வருஷமாக ஜல்தியேறு என்று மேடை மேடையாகச் சுத்தமாகச் சொன்ன நாக்குக்கு ஒச்சம்மா மட்டும் வராதா என்று உமா ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

உமா தாளை அவர் பக்கமே தள்ளிவிட்டு எழுந்தாள். மறுபதிப்புக்குத் தடை கேட்கும் மனு அவள் பையில் இருந்தது. காலையிலேயே ஒச்சம்மா தன் முழுப் பெயரையும் அதில் எழுதிவிட்டாள். மாமா கூப்பிடக் கூப்பிட இருவரும் படியிறங்கினார்கள். வாசலில் நின்ற ஆட்டோக்காரரைப் பார்த்து ஒச்சம்மா வாயால் எட்டு அடி மேளம் அடித்தாள்.

“கோர்ட்டா? பைட்டியே மாஜி, உட்காருங்க” என்றார் அவர்.