அடுத்த மாதம் தேறும் முழங்கால்

1

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் தலைவர், ஒவ்வொரு சீசனின் முதல் ஆட்டத்துக்கும் ரசிகர்களுக்கு ஒரு பக்கச் செய்தி எழுதுவார். எழுதுவார் என்றால், கையெழுத்துப் போடுவார். எழுதுகிறவன் நான். ஏழு சீசனாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதையின் நாயகனுக்கு இது தெரியாது. என்னை அவன் கிளப் அலுவலகத்தில் பிழை திருத்துகிற ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் திருத்தவில்லை.

கதையை எப்படித் தொடங்குவது என்று பார்த்தேன்.

"அணி தோற்ற அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் குடையை மடக்கி"

(வேண்டாம். அன்று பட்டப்பகல், சுள்ளென்று வெயில். தோல்விக்கு மழைதான் பொருத்தம் என்று எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.)

"பதினான்கு அணிகள் ஆடுகிற லீக்கில் பன்னிரண்டாம் இடம் என்பது ஒரு"

(என்ன? கடைசியாக வந்தாலாவது அழுது தீர்க்கலாம். ஐந்தாவதாக வந்தால் பெருமூச்சு விடலாம். பன்னிரண்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆறு வருடமாக எங்களுக்குப் பன்னிரண்டுதான், நடுவில் ஒரே ஒருமுறை பதினொன்று. அந்த வருடம் தலைவர் விருந்து வைத்தார்.)

சரி, ஆளிடமே போய்விடுகிறேன்.

2

அவனை அச்சகத்தில் எல்லோரும் ஆஃப்சைட் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிற வேலை அவனுக்கு. எந்த எழுத்தாவது ஓரக் கோட்டைத் தாண்டிப் போனால் திரையைப் பார்த்து, கோடு தாண்டிய ஆட்டக்காரனைப் பிடித்த நடுவர் மாதிரி, "ஆஃப்சைட்" என்று கை தூக்குவான். பெயர் நிலைத்துவிட்டது. அச்சகம் அவனுடைய அக்கா புருஷனுடையது. முன்னறையில் அக்கா போன் எடுப்பாள், பின்னறையில் இயந்திரம் ஓடும், நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இவன். மேசையில் எப்போதும் ஒரு அடிக்கோல், ஒரு பூதக்கண்ணாடி, ஆறிப்போன டீ.

ரசிகர்களில் கத்துகிறவர்கள் உண்டு, நாற்காலியை உடைக்கிறவர்கள் உண்டு. ஆஃப்சைட் அந்த ரகமில்லை. அணி தோற்றால் மறுநாள் வேலைக்கு வந்து, யாரோடும் பேசாமல் பத்துக் கல்யாணப் பத்திரிகை முடித்துவிடுவான். அவனுடைய கோபம் விளையாடுகிறவர்கள் மேல் இல்லை. மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல். ஆறு வருடத்தில் ஐந்து கோச் மாறியாயிற்று. ஒவ்வொருவர் போகும்போதும் தலைவர் குறை சொன்னது புல்தரையை, நடுவரை, காற்றை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடாதவரே கூடத்தைக் குறை சொல்கிறார் என்பான்.

"தோக்குறது பரவாயில்ல சார்," என்று ஒருநாள் அச்சகத்துக்குப் போயிருந்த என்னிடம் சொன்னான். "பந்து உருண்டைதானே, எங்க வேணா போகும். ஆனா ஏன் தோத்தோம்னு மேல ஒருத்தராவது யோசிச்சிருப்பாங்களான்னு நினைச்சாத்தான் வயிறு எரியுது. அந்தத் தலைவர் செய்தியப் பாருங்க. அரைச்ச மாவையே அரைச்சிருக்காங்க. எந்தப் புண்ணியவான் எழுதுறானோ."

புண்ணியவான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.*

* அந்தச் செய்தியை முதல் வருடம் மட்டும் மனதார எழுதினேன். இரண்டாம் வருடம் தலைவரின் செயலாளர் "போன தடவை மாதிரியே இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு பத்துச் சொல் மாற்றினால் அதிகம்.

3

இனி நடந்த தவறு. அச்சகக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு அது.

முதல் ஆட்டத்துக்கான மேட்ச் புத்தகத்தை ஆஃப்சைட்தான் வடிவமைப்பான். முப்பத்திரண்டு பக்கம், மூன்றாம் பக்கத்தில் தலைவர் செய்தி. அவன் கம்ப்யூட்டரில் அந்தச் செய்திக் கோப்புகள் இப்படிப் பெயரிடப்பட்டிருந்தன: "தலைவர் கடைசி". "தலைவர் கடைசி 2". "தலைவர் உண்மையான கடைசி". "தலைவர் இதுதான் கடைசி". அச்சகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: திருத்தம் வரும்போதெல்லாம் இதற்கு மேல் திருத்தம் வராது என்று நம்பி வைக்கிற பெயர்கள் அவை.

இந்த சீசனுக்கு "இதுதான் கடைசி"யைத் திறக்க வேண்டியவன் "கடைசி"யைத் திறந்தான். அது ஆறு வருடத்துக்கு முந்தையது.

அதிலிருந்த எழுத்தையெல்லாம் பக்கத்தில் ஊற்றினான், ஓரம் பார்த்தான், ஒற்றை எழுத்துக்கூட ஆஃப்சைட் இல்லை. மாதிரிப்படி கிளப்புக்குப் போனது. பத்தே நிமிடத்தில் "சரி" என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. நாலாயிரம் பிரதி அச்சானது. மைதான வாசலில் விற்றுத் தீர்ந்தது.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. ரசிகர்கள் கண்டுபிடிக்கவில்லை, செயலாளர் கண்டுபிடிக்கவில்லை, பக்கத்தின் கீழே கையெழுத்து உள்ள தலைவர் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுக்கும் ஒரு பிரதி வந்தது. மூன்றாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் புரட்டினேன். எழுதிய நானே கண்டுபிடிக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

(இங்கே எனக்கு நாயகன் மேல் ஒரு சந்தேகம் வந்தது. வேண்டுமென்றே செய்திருப்பானோ? கதைக்கு அது இன்னும் ருசி. நேரிலேயே கேட்டேன். "வேணும்னே பண்ணியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும் சார். அவ்வளவு துணிச்சல் எனக்கு எங்க இருக்கு," என்றான். எனவே இந்தக் கதையில் அது தவறுதான்.)

4

நான்காம் நாள் ஒரு போன் வந்தது. அக்கா எடுத்தாள். புத்தகத்தின் பின்னட்டையில் அச்சக எண் இருக்கிறதல்லவா, அதைப் பார்த்துக் கூப்பிட்டவர்.

அந்தப் பழைய செய்தியில் மட்டும் ஒரு வரி உண்டு: "நம் முன்வரிசை வீரரின் முழங்கால் நன்றாகத் தேறிவருகிறது. அடுத்த மாதம் அவர் களமிறங்குவார்." வீரரின் பெயர் இல்லை. பெயர் போட்டால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்பது தலைவரின் கொள்கை. எல்லா சீசனிலும் யாராவது ஒருவருக்கு முழங்கால் கெட்டிருக்கும் என்பதால் அந்த வரி யார் கண்ணையும் உறுத்தவில்லை.

கூப்பிட்டவர், அந்த முழங்கால் தன்னுடையது என்றார். அது தேறவே இல்லையாம். அந்த வருடத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டது. இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாராம். கிளப் தன்னைப் பற்றி எழுதியது அந்த ஒரு வரிதான், அதனால் மனப்பாடம் என்றார். கோபமாகப் பேசவில்லை. அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்களே, பூட்ஸ் இல்லை, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லிச் சிரித்துவிட்டு வைத்துவிட்டாராம்.

அக்கா நடு அறைக்கு வந்து சொன்னபோது ஆஃப்சைட் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மாப்பிள்ளையின் படிப்பைச் சேர்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய்ப் பழைய செய்தியையும் இந்த வருடச் செய்தியையும் அச்செடுத்து வந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் படித்தான். கணக்கிட்டால் பதினோரு சொல்தான் வித்தியாசம். தன் தவறுக்கு முகம் வெளுத்தது முதல் ஐந்து நிமிடம். அதற்கப்புறம் வந்தது கோபம். அது போகவே இல்லை.

5

கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை ரசிகர் கூட்டம் நடக்கும். குலுக்கலில் பெயர் வருகிற ஐந்து பேர் தலைவரிடம் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். ஆஃப்சைட் ஒன்பது வருடமாகப் பெயர் போட்டுக்கொண்டிருந்தான். இந்த வருடம் பார்த்து விழுந்தது.

(இதை நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். குலுக்கல் பெட்டிக்குக் கதைக் கட்டுக்கோப்பைப் பற்றி என்ன கவலை?)

பெயர் விழுந்த அன்று மதியச் சாப்பாட்டின்போது வீட்டில் வாக்குவாதம். அச்சக முதலாளியான மாமா கத்துகிற ஆள் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ள, கோச்சப் பத்திக் கேளு. பந்தப் பத்திக் கேளு. புத்தகத்தப் பத்தி மட்டும் வாயத் திறக்காத. நம்ம மெஷின் பாதி நாள் ஓடுறது அவங்க வேலையிலதான்."

"கேட்டா மட்டும் டீம் ஜெயிச்சிடுமா?" என்றாள் அக்கா.

ஜெயிக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனால் ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த ஒரே கேள்வியில் புல்தரையைப் பற்றிக் கேட்டுவிட்டு உட்கார்ந்தால், அதன்பிறகு தான் அந்த கேலரியில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டால் வேலை போகும், மாமாவின் முகத்திலும் விழிக்க முடியாது. இதுதான் கதை. மற்றதெல்லாம் என் சோடனை.

6

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. அவன் கோச்சைப் பற்றிக் கேட்கிறான், தலைவர் சிரித்துப் பதில் சொல்கிறார், மாமா நிம்மதியாக மூச்சு விடுகிறார். (உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. எனக்கும் வசதியாக இருந்தது. அதனாலேயே கிழித்தேன்.)

இரண்டாவது முடிவு. அவன் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறான், கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது, தலைவர் பதவி விலகி, அடுத்த சீசனில் அணி கோப்பையை

(ஆசை யாரை விட்டது.)

7

எனவே நடந்ததைச் சொல்கிறேன்.

கேலரிக்கு அடியில் உள்ள கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், காலை பதினொரு மணி. மேடையில் தலைவர். அவருக்குப் பின்னால், தூண் மறைவில் நான். எதிர்பார்க்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதித் தட்டச்சு செய்து அவர் முன்னால் வைத்திருந்தேன். எதிர்பாராத கேள்வி வந்தால் அவர் கை பின்னால் நீளும். நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கியதை அவர் அப்படியே மைக்கில் படித்துவிடுவார். முன்கூட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை.

மூன்றாவதாக ஆஃப்சைட் எழுந்தான். புத்தகத்தைப் பிரித்து மூன்றாம் பக்கத்தை நிதானமாகப் படித்தான். அடித்தளம் போட்டாயிற்று, சுவர் எழும்பும் காலம் இது, முழங்கால் தேறிவருகிறது, எல்லாம்.

"இது எந்த வருஷத்துச் செய்தி சார்?"

தலைவர் புன்னகைத்தார். "இந்த வருஷம்தான். உங்க கையிலயே இருக்கே."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அது அடங்கும்வரை அவன் காத்திருந்தான். இரண்டாம் வரிசையில் மாமா தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். அவனும் பார்த்திருப்பான்.

"இல்ல சார். ஆறு வருஷத்துக்கு முந்தினது. மாத்திப் போட்டது நான்தான், மாமாவுக்கு இதுல பங்கில்ல. உங்க ஆபீஸ்ல சரின்னு முத்திரை போட்டுக் குடுத்தாங்க. நாலாயிரம் பேர் வாங்கினோம். கேள்வி ஒண்ணுதான் கேக்கணும்னாங்க, இப்பதான் கேக்குறேன். உங்க பேர்ல வர்றத நீங்க ஒரு தடவையாவது படிச்சிருக்கீங்களா?"

தலைவர் தட்டச்சுத் தாள்களைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். அதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். பிறகு அவர் கை பின்னால் நீண்டது.

நான் இரண்டு சீட்டு எழுதினேன். ஒன்றில்: "பிழை அச்சகத்தினுடையது. தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்." அதைக் கொடுத்தால் கூட்டம் அதோடு முடியும். என் வேலையும் தப்பிக்கும். இன்னொன்றில்: "இல்லை. நான் படித்ததில்லை. எழுதியது நானும் இல்லை." அதைக் கொடுத்தாலும் அப்படியே படித்துவிடுவார்.

இரண்டும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன, இரண்டும் நல்ல வாக்கியங்கள்தான். எதைக் கொடுத்தேன் என்பதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், என்னைப் பற்றி நானே எழுதியதை நீங்கள் நம்ப வேண்டிவரும், என் வாக்கியங்களை நம்பியவர்கள் லீக்கில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று முன்பே சொல்லிவிட்டேன். சீட்டுகளை உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். மைக்கைப் பிடித்தபடி ஆஃப்சைட் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.