அணையாத அடுப்பு

விஸ்கி கம்பெனி அனுப்பிய பெட்டியைப் பிரித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்டில் லேபிளில் தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்: "நூற்றைம்பது ஆண்டுகளாக ஒருநாளும் அணையாத அடுப்பு." எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும். அந்த விஸ்கி ஆலை நடுவில் பதினொரு வருடம் பூட்டிக் கிடந்தது. அங்கே காய்ச்சுகிற செப்புக் கொப்பரைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொண்டவர் என் மாமனார். பூட்டிய பிறகு கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனார். பாதி நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி அந்த வருடங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் எழுந்து போய்விடுவார்.

நான் பத்திரிகையில் சிங்கிள் மால்ட் விஸ்கிகளுக்கு விமர்சனம் எழுதுகிறவன். காய்ச்சிய ஆலையின் வரலாற்றையும் சேர்த்து எழுதுவேன். குடிகாரன் என்று மைத்துனன் கிண்டல் செய்வான்; வாயில் விட்டதைத் துப்புகிற குடிகாரனை எங்கே பார்த்தானோ. நான் முகர்கிற நாளில் வீட்டில் யாரும் சென்ட் போடக் கூடாது, வெங்காயம் வதக்கக் கூடாது. கிளாஸில் தண்ணீரைக்கூடச் சொட்டு எண்ணித்தான் விடுவேன்.

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார். பாட்டிலை மேஜையில் வைத்தார்.

"இருங்க மாமா, இவங்களை நாறடிக்கிறேன்" என்று கம்பெனியின் விளம்பர அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"யாரைக் கேட்டு இப்படிப் புளுகுறீங்க? பதினோரு வருஷம் வேலையில்லாம நின்னவங்க உங்களுக்கு மனுஷங்களாத் தெரியலையா?"

அந்தப் பெண் பதறவே இல்லை. "சார், அது உங்க வரிதான், வருஷக் கணக்கை மட்டும் மாத்தினோம். நீங்க எழுதினதுன்னுதான் நம்பிப் போட்டோம். பக்கத்தை அனுப்புறேன், பாருங்க."

அனுப்பினாள். ஆலையைத் திரும்பத் திறந்து கொஞ்ச காலம் ஆன சமயம், இருபது வருடத்துக்கு முன் நான் எழுதிய முதல் கட்டுரை. நடுவில் பூட்டிக் கிடந்தது அப்போது எனக்குத் தெரியாது; எழுதியதையே மறந்திருந்தேன். கம்பெனி கொடுத்த சிறு புத்தகத்திலிருந்து அப்படியே இறக்கியிருக்கிறேன். சொட்டு எண்ணுகிற மகாராசன், அங்கே வேலை பார்த்த ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் ஒரு சாக்கா? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மாமா, இந்தப் புளுகு என்னோடது" என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "தெரியும் மாப்ள. அப்பவே படிச்சேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"உங்களுக்குப் பொண்ணு கொடுக்கப் பேசிட்டிருந்த நேரம். அடுப்பு அணையவே இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப நானும் வேலையிலேயே இருந்தேன்னு நினைச்சுக்குவீங்கன்னு பேசாம இருந்துட்டேன். அப்புறம் எந்த மூஞ்சியோட சொல்றது?"

பேசத் தெரிந்தவன் நான். அவரை வாயடைக்க வைத்தவனும் நான். லேபிள் ஒட்டாத மாதிரி பாட்டிலை முகர்ந்து முன்பே எழுதிவைத்திருந்த விமர்சனத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

"மாமா, அடுப்பு என்னைக்கு அணைஞ்சது?"

அவர் யோசிக்கவே இல்லை.

"மார்ச் ஒம்பது, வியாழக்கிழமை. மத்தியானம் மூணு மணி. நான்தான் அணைச்சேன்."