தொடாத பாரம்

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள் பெகிமாயின் கையில் காந்தத்தைக் கொடுக்கவில்லை, தேநீர்க் கெண்டியைக் கொடுத்தார்கள். பிஷ்கெக் நகரத்தின் அந்த இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அவள் ஒருத்திதான் பெண். கூடவே சேர்ந்த எமில் அவளைவிடச் சிறியவன்தான். ஆனால் ஆண்பிள்ளை கெண்டியைத் தொட்டால் வானம் இடிந்து விழாதா?

மற்ற நேரம் அவளுடையதாக இருந்தது. செம்புக்குழாயை நிறுத்தி, மேலிருந்து காந்தத்தைப் போட்டால் அது விழாது, இறங்கும். செம்பைக் காந்தம் இழுப்பதில்லை, குழாய்ச் சுவரிலும் அது உரசுவதில்லை, ஆனாலும் நிதானமாக வரும். "நம்ம ஊரு டிராலிபஸ் மாதிரி வருது பாரு" என்று எமில் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவளால் போக முடியவில்லை. பூமி விடாமல் இழுக்கிறது, காந்தத்தின் வேகமோ ஏறவில்லை. பூமி கொடுக்கும் உந்தமெல்லாம் எங்கே போகிறது?

குழாயைத் தராசின் மேல் நிறுத்திப் பார்த்தாள். எண்கள் கன்னாபின்னாவென்று ஓடின. தராசுக்குள் இருந்த இரும்பைக் காந்தம் இழுக்கிறது என்று பிடிபடவே பல நாட்களாயின. தராசுக்கும் குழாய்க்கும் நடுவில் உயரமான மரக்கட்டை ஒன்றை வைத்தாள். காந்தம் குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தராசு அதன் எடையையும் சேர்த்துக் காட்டியது. தொடாத ஒன்றைக் குழாய் சுமக்கிறது! அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் பசியே தெரியவில்லை.

இருவரில் ஒருவரைத்தான் கூடத்தில் வைத்துக்கொள்வார்கள். அதை முடிவு செய்ய அகாதெமியிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். கூடத்தின் தலைவர் தோலோன்பெக் அவளைத் தனியே அழைத்தார்.

"எமில் செஞ்சு காட்டட்டும்மா. நீ விருந்தாளியக் கவனி. நரின் ஊர்ப் பொண்ணு ஊத்துற டீக்கு ஈடு உண்டா?"

"அளந்தது நான், அகாய்" என்றாள், ஐயா என்று அழைக்கும் மரியாதை குறையாமல்.

"யாரு இல்லேன்னா? நாலு பேருக்கு முன்னாடி வாத்தியார்கிட்ட வழக்காடாத."

எமில் காட்டினான். தராசின் எண் ஏறி நின்றது. பெரியவர் காலிக் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டியபடியே கேட்டார், "காந்தம் குழாயத் தொடலையே தம்பி, எடை எப்படி ஏறுச்சு?"

எமில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தான். பெகிமாய் ஊற்றிக்கொண்டிருந்தாள். பதிலை அடக்க முடியவில்லை.

"காந்தம் எறங்குறப்போ செம்புக்குள்ள மின்சாரம் சுத்துது அகாய். அதுதான் காந்தத்தத் தாங்குது, பூமி குடுக்குற உந்தம் அது வழியாத்தான் குழாய்க்கு..."

யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார்கள். அது விளிம்புவரை நிரம்பியிருந்தது. எங்கள் ஊரில் விருந்தாளிக்கு இரண்டு மிடறுதான் ஊற்றுவோம், குடிக்கக் குடிக்க ஊற்றுவதுதான் மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"எங்களக் கிளம்பச் சொல்லுது பொண்ணு" என்றார் பெரியவர், சிரிக்காமல்.

தோலோன்பெக்கின் காது சிவந்துவிட்டது. "போ, வேற போட்டுக் கொண்டா!"

உள்ளே தண்ணீர் கொதிக்கும்வரை அழுதாள். முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது எமிலுக்குப் பேச்சு வந்திருந்தது.

"உராய்வுதான் அகாய். காந்தம் செம்புல உரசி உரசி வருது."

"அசமத், சபாஷ்! அதான் நானும் நெனச்சேன்" என்று பெரியவர் அவன் முதுகில் தட்டினார். "இந்தப் பையன் இங்கேயே இருக்கட்டும்."

அது தவறு என்று தோலோன்பெக்குக்கு நன்றாகத் தெரியும். பையனைத் திருத்தினால் விருந்தாளியையும் திருத்தியதாகிவிடும். ரொட்டித் தட்டைப் பெரியவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பெகிமாய் ஊற்றினாள். சரியாக இரண்டு மிடறு. இடது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து நீட்டினாள்.

"இப்பத்தான் கத்துக்கிட்டா" என்றார் பெரியவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எமில் சிரித்துக்கொண்டே காந்தத்தை மறுபடி குழாய்க்குள் போட்டான், போட்டுவிட்டு ரொட்டிக்குக் கை நீட்டினான். தராசில் எண் ஏறி அசையாமல் நின்றது. பேச்சு மலைப்பக்கத்து மழைக்குத் திரும்பியது. கெண்டியைப் பிடித்தபடி அவள் மட்டும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். காந்தம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.