தண்ணீருக்கு மேல் ஒரு சாண்

"அந்த இன்னொரு பங்கையும் எழுதிக் குடுத்துடுங்க. இல்லன்னா உங்க பொண்ண நீங்களே வெச்சுக்குங்க."

மாமியார் இதைச் சொன்னபோது பெரியவள் துணி மூட்டையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். உள்ளே வா என்று அப்பா சொல்லவில்லை. பாதி கட்டிய நாணல் தட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவனோ ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அம்மாவுக்குப் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு ஏரியில் இருந்தது நாணல் வளரும் இரண்டே பங்கு. ஒன்றைச் சீதனமாகக் கொடுத்துத்தான் பெரியவளைக் கட்டிவைத்தார். நகை ஒரு நாள் அடகுக் கடைக்குப் போய்விடும், நாணல் வெட்ட வெட்ட முளைக்கும், கூரைக்கும் ஆகும், தட்டிக்கும் ஆகும், பேரப்பிள்ளை காலம்வரை சோறு போடும் என்று அன்றைக்கு அவருக்கு ஏகப் பெருமை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்தனை பொறுமை ஏது? கிடைத்த மட்டும் லாபம் என்று பச்சையிலேயே அடியோடு அறுத்து விற்றார்கள். இப்போது அந்த இடத்தில் நாறும் சேறுதான் கிடக்கிறது.

"பங்கும் மலடு, பொண்ணும் மலடு. ரெண்டையும் எங்க தலையில கட்டிட்டீங்க" என்றாள் மாமியார்.

மிச்சமிருக்கும் பங்கை நம்பித்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அதையும் கொடுத்துவிட்டால் அப்பாவும், உள்ளே நாணல் பிளந்துகொண்டிருக்கும் தங்கையும் வாயில் மண்ணைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கொடுக்காவிட்டால் தான் வாழாவெட்டி.

அப்பா எழுந்தார். "குடுத்துடறேன் சம்பந்தியம்மா."

பிறகு மருமகன் முன்னால் போய்க் கை கூப்பினார். "ஒண்ணே ஒண்ணு மாப்பிள்ள. உங்க கால்ல வேணாலும் விழறேன். காயறதுக்கு முன்னாடி கை வைக்காதீங்க. வெட்டும்போதும் தண்ணிக்கு மேல ஒரு சாண் விட்டு வெட்டுங்க. அந்தக் கட்டை வழியாத்தான் அடிக்கிழங்கு மூச்சு விடுது. தண்ணிக்குள்ள அறுத்தா மூச்சு முட்டிச் செத்துடும். வாயில்லாத ஜீவன், பாத்து நடத்துங்க."

அவர் குரல் தழுதழுத்தது. கன்னம் வீங்கிப்போய்ப் பெரியவள் ஓடிவந்த அன்று, கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா என்று வந்த படகிலேயே திருப்பி அனுப்பியவர் இவர்தான்.

"நாணலுக்கு இவ்ளோ கெஞ்சறீங்களேப்பா. எனக்காக ஒரு நாளாவது இப்படிக் கை கூப்பியிருக்கீங்களா?"

அப்பாவின் கைகள் கூப்பியபடியே நின்றன. "அது வந்தும்மா... நீ பொண்ணு..."

"பங்கைக் குடுக்காதீங்க. நான் போகல."

உள்ளே நாணல் பிளக்கும் சத்தம் நின்றது. கணவன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான், அவளை அல்ல, அம்மாவை.

மாமியார் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "போகாட்டி கிட. கரை நெடுக நாணல் இருக்கு, வீட்டுக்கு வீடு பொண்ணும் இருக்கு. என் புள்ளைக்கு இடமா கெடைக்காது?"

கிடைக்கும். இன்னொரு வீட்டுப் பெண்ணும், அவளோடு இன்னொரு பங்கும். பெரியவள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

"எங்கம்மா போற?" அப்பா பதறினார்.

"அத்தை வேற இடம் பாக்கறாங்களாம். அவங்களுக்கு முன்னாடி நான் நாலு வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

பக்கத்து வீடு படகுக்காரருடையது. அவருக்கும் ஏரியில் ஒரு பங்கு உண்டு, கல்யாண வயதில் ஒரு மகளும் உண்டு. பெரியவள் கதவைத் தட்டினாள். அந்தப் பெண்தான் வந்து திறந்தாள்.

"அப்பாவைக் கூப்பிடு" என்றாள் பெரியவள். "நீ உள்ள போயிடாத. நீயும் கேளு."